லினாந்தஸ் எப்படி லெப்டோசைஃபன் ஆயிற்று? பிளாக்ஸ் குடும்பத்துப் பேரினம் ஒன்றைப் பற்றிய ஐயம்

பூவிதழ் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கலிபோர்னியாவின் காட்டுப்பூக்களைச் சில வசந்த காலங்களாகப் படமெடுத்து வருகிறேன். தாவரவியலில் முறையான பயிற்சி இல்லை. ஆனாலும் ஒவ்வொரு படத்தின் கீழும் சரியான அறிவியல் பெயரை எழுதிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். பிளாக்ஸ் குடும்பத்துப் பூக்களிடம் அந்தப் பிடிவாதம் தோற்றுவிடும் போலிருக்கிறது.

என்னிடம் நான்கு படங்கள் உள்ளன. முதலாவது, புல்வெளியில் எடுத்த இளஞ்சிவப்புப் பூ. பழைய கையேடு இதை லினாந்தஸ் ஆண்ட்ரோசேசியஸ் என்கிறது. புதிய கையேடு லெப்டோசைஃபன் ஆண்ட்ரோசேசியஸ் என்கிறது. இரண்டாவது, ஊசி போன்ற இலைகளைக் கொண்ட முட்புதர் ஒன்றின் ரோஜா நிறப் பூ. இதற்குப் பழைய கையேட்டில் லெப்டோடாக்டைலான் கலிபோர்னிகம் என்று பெயர். புதியதில் லினாந்தஸ் கலிபோர்னிகஸ். மூன்றாவது, மொஹாவி பாலைவன மணலில் மண்ணோடு ஒட்டிக் கிடந்த லினாந்தஸ் பாரியே. இதன் பெயர் மட்டும் இரண்டு நூல்களிலும் மாறவில்லை. நான்காவது வெள்ளைப் பூ ஒன்று. அதற்கு எந்தப் பெயரையும் என்னால் உறுதி செய்ய முடியவில்லை.

மெல்லிய இலைகளைக் கொண்ட புல்வெளிச் செடியை லினாந்தஸிலிருந்து வெளியேற்றிவிட்டு, அதோடு எந்த ஒற்றுமையும் இல்லாத ஒரு முட்புதரை அதே பேரினத்துக்குள் கொண்டு வந்து வைத்திருக்கிறார்களே, இதற்கு என்ன காரணம்? பழைய பெயரை எழுதினால் அது தவறாகிவிடுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

உலர்செடி:

பூவிதழ், உங்கள் முதல் படத்திலுள்ள செடியின் பெயர் புதிதே அல்ல என்பதிலிருந்து தொடங்குகிறேன். இங்கிலாந்தின் ஜார்ஜ் பெந்தம் 1833-ஆம் ஆண்டு அதை முதன்முதலில் விவரித்தபோது வைத்த பெயரே லெப்டோசைஃபன் ஆண்ட்ரோசேசியஸ்தான். டேவிட் டக்ளஸ் கலிபோர்னியாவில் சேகரித்து அனுப்பிய செடிகளைக் கொண்டு, அதே ஆண்டில் பெந்தம் லெப்டோசைஃபன், லினாந்தஸ் ஆகிய இரண்டையும் தனித்தனிப் பேரினங்களாக நிறுவினார். லெப்டோசைஃபன் என்றால் மெல்லிய குழல். லினாந்தஸ் என்றால் ஆளிச்செடியின் பூவைப் போன்ற பூ. முன்னதன் அல்லி வட்டத்தில் நூல் போன்ற நீண்ட குழலும் அதன் நுனியில் தட்டையாக விரிந்த ஐந்து மடல்களும் இருக்கும். பின்னதன் பூ புனலைப் போல விரிந்தது.

அதன் பிறகு அந்தச் செடி அலைந்த அலைச்சலைச் சொன்னால் உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் அது ஜிலியா ஆண்ட்ரோசேசியா ஆயிற்று. ஜிலியா என்பது ரூயிஸும் பாவோனும் 1794-இல் தென்னமெரிக்கச் செடிகளைக் கொண்டு நிறுவிய பேரினம். அமெரிக்கத் தாவரவியலில் அன்று பெரும் செல்வாக்குடன் விளங்கிய ஆசா கிரே, வட அமெரிக்காவின் பிளாக்ஸ் குடும்பத்தை 1870-இல் மறுஆய்வு செய்தபோது, லினாந்தஸ், லெப்டோசைஃபன், லெப்டோடாக்டைலான் ஆகிய எல்லாவற்றையும் ஜிலியாவின் உட்பிரிவுகளாக்கி ஒரே கூடைக்குள் போட்டுவிட்டார். 1892-இல் எட்வர்ட் லீ கிரீன் அந்தக் கூடையைக் கலைத்தார். ஆனால் பெந்தம் பிரித்தபடி பிரிக்காமல், எதிரிலை அமைவும் விரல்களைப் போல அடிவரை பிளந்த இலைகளும் கொண்டவற்றைப் பெரும்பாலும் லினாந்தஸ் என்ற ஒரே பெயரின் கீழ் சேர்த்தார். உங்கள் பழைய கையேடு பின்பற்றுவது கிரீனின் வழியை. இருபதாம் நூற்றாண்டு முழுவதும் ஏறக்குறைய அதுவே வழக்கமாக இருந்தது.

ஆக, ஒரே செடி லெப்டோசைஃபன், ஜிலியா, லினாந்தஸ் என்று மூன்று வீடு மாறி, கடைசியில் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. திரும்பக் கூட்டி வந்தவர்கள் மார்க் போர்ட்டரும் லீ ஜான்சனும், ஆண்டு 2000.

அவர்கள் கையிலிருந்த சான்று டிஎன்ஏ வரிசை. 1990-களில் பசுங்கணிகத்தின் மாட்-கே மரபணுவையும், உட்கருவிலுள்ள ஐடிஎஸ் எனும் பகுதியையும் பல ஆய்வாளர்கள் இந்தக் குடும்பம் முழுவதற்கும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கிரீனின் லினாந்தஸ் ஒரே கிளை அல்ல என்பது அப்போது தெரிந்தது. மெல்லிய குழல் கொண்டவையும் அவற்றின் உறவுகளும் ஒரு கிளை. லினாந்தஸ் டைக்கோட்டமஸ், லினாந்தஸ் பாரியே முதலியவை இன்னொரு கிளை. லெப்டோடாக்டைலான் என்று தனியே வைத்திருந்த முட்புதர்களோ இந்த இரண்டாம் கிளைக்குள்ளிருந்தே முளைத்திருக்கின்றன. அதாவது உங்கள் இரண்டாவது படத்தின் புதருக்கு, மூன்றாவது படத்திலுள்ள விரல் நுனியளவுப் பாலைவனச் செடி நெருங்கிய உறவு; முதல் படத்திலுள்ள புல்வெளிச் செடி அதைவிடத் தூரத்து உறவு. கண்ணுக்கு எதிர்மாறாகத் தோன்றுவதால்தான் இத்தனை காலமாக யாரும் இதை ஏற்கவில்லை.

ஒரு பேரினம் என்றால் ஒரு மூதாதையும் அதன் வாரிசுகள் அனைத்தும் அதில் அடங்க வேண்டும் என்பது இன்றைய வகைப்பாட்டியலார் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட நெறி. அதன்படி, முட்புதர்களை வெளியே நிறுத்திவிட்டு லினாந்தஸை வைத்துக்கொள்ள வழியில்லை.

நெடுவழி:

உலர்செடி சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் களத்தில் செடி பார்ப்பவன் என்ற முறையில் ஒரு மனக்குறையைப் பதிவு செய்கிறேன். கிரீனின் லினாந்தஸுக்கு ஒரு பெரிய நன்மை இருந்தது: கணுவைப் பார்த்தாலே பேரினம் தெரிந்துவிடும். கணுவில் எதிரெதிராக இரண்டு இலைகள் இருக்கும். ஒவ்வொன்றும் அடிவரை மூன்று முதல் ஒன்பது வரை ஊசிகளாகப் பிளந்திருப்பதால், தண்டைச் சுற்றி ஊசிகளை வட்டமாகச் செருகி வைத்ததுபோல் தோன்றும். இருபதடி தூரத்திலிருந்தே 'இது லினாந்தஸ்' என்று சொல்லிவிடலாம். இன்றைய லினாந்தஸில் எதிரிலையும் உண்டு, மாற்றிலையும் உண்டு. ஆண்டுச் செடியும் உண்டு, புதரும் உண்டு. முன்பு ஜிலியா மாகுலேட்டா என்றிருந்த சிறு செடியைக்கூட அதற்குள் கொண்டு வந்திருக்கிறார்கள். இதைக் களத்தில் எதைக் கொண்டு அடையாளம் காண்பது? மரபணுவைக் கையில் எடுத்துக்கொண்டா மலையேறுவது?

இன்னொன்று. பழைய லினாந்தஸின் சிற்றினங்களில் பெரும்பான்மை லெப்டோசைஃபனுக்குப் போய்விட்டன. இன்று லெப்டோசைஃபனில் ஏறக்குறைய முப்பது சிற்றினங்கள் இருக்கின்றன. பெரும்பான்மைக்கு லினாந்தஸ் என்ற பழகிய பெயரை விட்டுவிட்டு, சிறுபான்மைக்குப் புதுப்பெயர் சூட்டியிருந்தால் இத்தனை கையேடுகளைத் திருத்த வேண்டியிருக்காதே?

உலர்செடி:

நெடுவழி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், அது எளிது. பெயர் பெரும்பான்மையைப் பின்பற்றுவதில்லை, வகைமாதிரியை, அதாவது அந்தப் பெயருக்கு நிலையான அடையாளமாகக் குறித்த மாதிரியைப் பின்பற்றுகிறது. லினாந்தஸ் என்ற பெயர் லினாந்தஸ் டைக்கோட்டமஸ் என்ற சிற்றினத்தோடு ஆணியடித்து இணைக்கப்பட்டது. பேரினத்தை எத்தனை துண்டாக வெட்டினாலும், டைக்கோட்டமஸ் எந்தத் துண்டில் இருக்கிறதோ அந்தத் துண்டுக்குத்தான் லினாந்தஸ் என்ற பெயர் போகும், அதில் ஒரே ஒரு சிற்றினம் எஞ்சினாலும். மற்றத் துண்டுக்கு ஏற்கெனவே முறைப்படி வெளியிடப்பட்ட பெயர்களுள் மிகப் பழையது எதுவோ அதை எடுக்க வேண்டும். 1833-ஆம் ஆண்டின் லெப்டோசைஃபன் அங்கே தயாராகக் காத்திருந்தது. அதே விதிதான் முட்புதர்களுக்கும். லெப்டோடாக்டைலான் 1830-களின் இறுதியில் வந்த பெயர். இரண்டையும் இணைத்தால் முந்திய பெயரான லினாந்தஸ் நிலைக்கும், பிந்தியது ஒத்த பெயராகிவிடும். யாருடைய விருப்பத்துக்கும் இதில் இடமில்லை.

இலை பற்றிய உங்கள் மனக்குறை நியாயமானது. ஆனால் கிரீனின் அளவுகோல் அன்றும் முழுமையாகப் பொருந்தவில்லை. லினாந்தஸ் டயாந்திஃபுளோரஸ் என்ற தரையொட்டிய இளஞ்சிவப்புப் பூச்செடியை நினைத்துப் பாருங்கள். அதன் மடல்களின் விளிம்பு பல்பல்லாக வெட்டுப்பட்டிருக்கும். இலையோ பிளவே இல்லாத ஒற்றை நூல். 'விரல் போல் பிளந்த இலை' என்ற விதியை அது என்றைக்கும் மதித்ததில்லை. ஆனாலும் அதை லினாந்தஸில்தான் வைத்திருந்தார்கள். நட்டாலி என்ற பல்லாண்டுச் செடி வேறொரு கதை. அது ஜிலியாவாக விவரிக்கப்பட்டு, லினாந்தஸுக்கு மாறி, பிறகு லினாந்தாஸ்ட்ரம் என்று தனக்கென ஒரு பேரினமே பெற்று, இன்று லெப்டோசைஃபன் நட்டாலியாக இருக்கிறது. ஒரு பண்பை மட்டும் பிடித்துக்கொண்டு பிரித்தால் இப்படித்தான் ஓரத்தில் நிற்பவை தள்ளாடும்.

உருவ ஒற்றுமை ஏமாற்றும் என்பதற்கு இந்தக் குழுவிலேயே நல்ல சான்று உண்டு. லெப்டோசைஃபன் இன்னும் லினாந்தஸின் உட்பிரிவாக இருந்த காலத்தில், 1999-இல், கேரல் குட்வில்லி அந்த உட்பிரிவில் தன்மகரந்தச் சேர்க்கை எத்தனை முறை தோன்றியது என்று ஆராய்ந்தார். பூச்சிகளை நம்பாத செடிகளில் பூ சிறுத்துப்போகும். அப்படிச் சிறுத்த பூக்களைக் கொண்டு லினாந்தஸ் பைகலர் என்ற ஒரே பெயரில் வைத்திருந்தவை, உண்மையில் வெவ்வேறு மூதாதைகளிடமிருந்து தனித்தனியாக அந்த நிலையை அடைந்தவை என்று ஐடிஎஸ் வரிசை காட்டிற்று. ஒரே வாழ்க்கைமுறை ஒரே முகத்தைக் கொடுத்துவிடுகிறது.

பூவிதழ், 'பழைய பெயர் தவறா' என்று கேட்டீர்கள். தவறு என்று சொல்ல மாட்டேன். பெயர்சூட்டுச் சட்டம் பேரினத்தின் எல்லையை வரையறுப்பதில்லை. எல்லையை நீங்கள் எங்கே போடுகிறீர்களோ, அதற்கு எந்தப் பெயர் பொருந்தும் என்பதை மட்டுமே சொல்லும். கிரீனின் எல்லையை ஏற்பவர் லினாந்தஸ் ஆண்ட்ரோசேசியஸ் என்று எழுதினால் அது விதிப்படி செல்லுபடியாகும் பெயர்தான். அந்த எல்லையை இன்று ஆதரிப்பவர்கள் அரிது, அவ்வளவே. 2012-இல் வெளியான ஜெப்சன் கையேட்டின் இரண்டாம் பதிப்பு புதிய வகைப்பாட்டையே பின்பற்றுகிறது. கலிபோர்னியச் செடிகளுக்கு அதுவே பலரும் கைக்கொள்ளும் அளவுகோல் என்பதால், நீங்களும் அதையே எழுதி, பழைய பெயரைப் பக்கத்தில் ஒத்த பெயராகக் குறித்துவிடலாம்.

ஊசியிலை:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். மூன்றாவது படத்தை எல்லோரும் கடந்து போய்விட்டீர்கள். எனக்கு மனம் வரவில்லை. லினாந்தஸ் பாரியே பெயர் மாறாமல் இருந்தாலும் தாவர உலகத்தில் பெரிய சண்டைக்குக் காரணமான செடி. மொஹாவியில் சில இடங்களில் வெள்ளைப் பூச்செடிகள் மட்டும் நிற்கும், சில இடங்களில் நீலம் மட்டும், சில இடங்களில் இரண்டும் கலந்து. 1942-இல் எப்ளிங்கும் டோப்ஷான்ஸ்கியும் இந்தப் பரவலை அளந்து வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே மரபியலாளர் சூவல் ரைட் அந்தத் தரவுகளைக் கொண்டு, தற்செயலான மரபு நகர்வு (தேர்வு எதுவுமின்றித் தலைமுறைதோறும் மரபணு விகிதம் தற்செயலாக மாறுவது) மட்டுமே இத்தகைய திட்டுகளை உண்டாக்கிவிட முடியும் என்று வாதிட்டார். 2001-இல் ஷெம்ஸ்கியும் பியர்சிஹுடெக்கும் பல ஆண்டுகள் விதைகளை எண்ணிப் பார்த்து, விதை நிறைய விளையும் ஆண்டுகளில் வெள்ளையும், குறைவாக விளையும் ஆண்டுகளில் நீலமும் முந்துவதைக் காட்டி, இது இயற்கைத் தேர்வின் வேலை என்றார்கள்.

பூவிதழ், உங்கள் படத்தில் எந்த நிறம்? இரண்டும் கலந்து நின்ற இடமாக இருந்தால் இடக்குறிப்பையும் சேர்த்து எழுதி வையுங்கள்; நிறத்தை மட்டும் பார்த்து வேறு சிற்றினம் என்று எண்ணிவிடாதீர்கள்.

பூவிதழ்:

இவ்வளவு விரிவான விளக்கங்களுக்கு மிக்க நன்றி. பாரியேயில் நான் பார்த்தது வெள்ளை மட்டும்; சாலையின் மறுபுறம் போய்ப் பார்க்காமல் வந்துவிட்டேனே என்று இப்போது வருந்துகிறேன்.

இனி நான்காவது படம். மெல்லிய, நிமிர்ந்த செடி, ஒரு சாண் உயரம் இருக்கும். இலைகள் எதிரெதிராக, ஊசிகளாகப் பிளந்தவை. பூ வெள்ளை. நெடுவழி சொன்ன கணு அடையாளத்தை வைத்துப் பார்த்தால் லினாந்தஸ் அல்லது லெப்டோசைஃபன். குழல் குறுகலாக இருப்பதுபோல் தோன்றியதால் லெப்டோசைஃபன் என்று எழுதி, பிறகு அழித்துவிட்டேன். இரண்டையும் களத்தில் பிரித்தறிய ஏதேனும் வழி உண்டா?

நெடுவழி:

மேலே புலம்பினேனே தவிர, வழி உண்டு. பூவை விட்டுவிட்டுப் புல்லி வட்டத்தைப் பாருங்கள். பிளாக்ஸ் குடும்பத்தில் ஐந்து புல்லிகளும் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் பச்சை நரம்புப் பட்டை ஓடும், பட்டைகளுக்கு இடையில் கண்ணாடித்தாள் போன்ற நிறமற்ற சவ்வு இருக்கும். லினாந்தஸ் டைக்கோட்டமஸில் இந்தச் சவ்வு மிக அகலம். பச்சை என்பது வெறும் கோடாகத்தான் தெரியும். கைலென்ஸ் இல்லாவிட்டாலும் படத்தைப் பெரிதாக்கினால் தெரிந்துவிடும். இந்த ஒரு பண்பை மட்டும் வைத்து எல்லாச் சிற்றினங்களையும் பிரித்துவிட முடியாது. ஆனால் உங்கள் செடிக்குப் போதும் என்று நினைக்கிறேன்.

அடுத்து, படமெடுத்த நேரத்தைப் பாருங்கள். டைக்கோட்டமஸின் பூ மாலையில் விரிந்து மணம் வீசும், காலையில் மூடிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அதை 'மாலைப் பனி' என்ற பொருளில் அழைக்கிறார்கள். பகலில் அந்த வழியே நடந்தால் செடி இருப்பதே தெரியாது. மூடிய பூவின் வெளிப்புறம் ஊதா கலந்த மங்கல் நிறத்தில் காய்ந்த புல்லோடு கலந்துவிடும். அந்தி சாயும்போது அதே சரிவு வெளுத்துப்போய்க் கிடக்கும். புதரான லினாந்தஸ் பங்கென்ஸும் இதேபோல் மாலையில்தான் விரியும். முட்புதர்களை இந்தக் கூட்டத்தோடு சேர்த்தது எனக்குக் கொஞ்சமாவது செரித்தது இதைப் பார்த்த பிறகுதான்.

உலர்செடி:

நெடுவழி சொன்னதோடு ஓர் எச்சரிக்கை. டைக்கோட்டமஸின் துணைச் சிற்றினமான மெரிடியானஸ் பகலிலும் விரிந்திருக்கும். எனவே பகலில் எடுத்த படம் என்பதற்காக மட்டும் டைக்கோட்டமஸைத் தள்ளிவிட முடியாது. தண்டையும் பாருங்கள்: டைக்கோட்டமஸ் என்றால் இரண்டிரண்டாகக் கிளைப்பது. கவட்டையில் காம்பு ஏறக்குறைய இல்லாமல் ஒரு பூ உட்கார்ந்திருக்கும். லெப்டோசைஃபனில் பல சிற்றினங்கள், உங்கள் ஆண்ட்ரோசேசியஸ் உட்பட, தண்டின் நுனியில் இலைக்கொத்துக்கு நடுவே பூக்களைத் தலைபோல் நெருக்கி வைத்திருக்கும்.

பூவிதழ்:

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புல்லி வட்டம் முழுக்க வெளிறிய சவ்வு. அதில் பச்சை நிறம் பென்சிலால் இழுத்த ஐந்து கோடுகளைப் போல இருக்கிறது. பூ தண்டின் கவட்டையில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. நான் குறுகிய குழல் என்று எண்ணியது அந்தச் சவ்வுக்குள் மறைந்திருந்த புனலின் அடிப்பகுதி. படத்தில் பதிவான நேரம் மாலை 6.52. அதே இடத்தில் மறுநாள் காலை பத்து மணிக்கு எடுத்த இன்னொரு படமும் கிடைத்தது. 'காய்ந்த மொட்டுகள், பெயர் தெரியாது' என்று எழுதி ஒதுக்கி வைத்திருந்தேன். இரண்டின் கீழும் லினாந்தஸ் டைக்கோட்டமஸ் என்று இப்போது எழுதிவிட்டேன்.